ஐந்து டேலியாக் கிழங்குகள் கொண்ட அஞ்சல் பொதி: ஒரு பருவம் முழுவதும் வளர்த்துப் பார்த்தபின் எழுதும் மதிப்புரை

டேலியா என்னும் பூச்செடியின் கிழங்குப் பொதிகளைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் பொதி கைக்கு வந்த வாரத்திலேயே எழுதப்பட்டுவிடுகின்றன. அவற்றிலிருந்து உறை கிழியாமல் வந்ததா, சொன்ன நாளில் வந்ததா என்பதைத்தான் அறிய முடிகிறது. கிழங்கு நல்லதா என்பது அது முளைத்து, பூத்து, பருவம் முடிந்து மீண்டும் தோண்டி எடுக்கப்படும் வரை தெரியாது. ஆகவே இந்தப் பொதியை வாங்கியவுடன் எழுதாமல், கடைசிச் செடியின் கிழங்குகளையும் எடுத்து உலர வைத்த பிறகே எழுதுகிறேன். விற்பனையாளரின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இதேபோன்ற கலவைப் பொதிகளைப் பலரும் விற்கிறார்கள். அவற்றில் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதே வாசகருக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

பொதியில் மூன்று டேலியா வகைகளின் ஐந்து கிழங்குகள் இருந்தன: 'கஃபே ஓ லே' இரண்டு, 'கார்னல்' இரண்டு, 'பிஷப் ஆஃப் லாண்டாஃப்' ஒன்று. அவற்றுடன் ஒரு சிறு உரப் பொட்டலமும், இருபக்கம் அச்சிட்ட ஒரு குறிப்புத் தாளும் வைத்திருந்தார்கள். கிழங்குகளை உலர்ந்த மரச்சீவலில் புதைத்து, காற்றுத் துளைகள் உள்ள பையில் அடைத்திருந்த விதம் பாராட்டத்தக்கது. துளையில்லாத பையில் அடைத்தால் கிழங்கு தன் ஈரத்தாலேயே பூசணம் பிடித்துவிடும். திறந்த அட்டைப் பெட்டியில் வெறுமனே போட்டால் தோல் சுருங்கி வற்றிவிடும். இந்த ஐந்தில் ஒன்றுகூடச் சுருங்கியிருக்கவில்லை. ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு நூலால் கட்டப்பட்டிருந்தது. பிறகு மாற்றாக வந்த ஒரு கிழங்கின் சீட்டு பொய்த்துப்போனதைப் பின்னால் சொல்கிறேன்.

கிழங்கின் தரத்தை எடைபோடுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். உருளைக்கிழங்கின் உடம்பில் எங்கு வேண்டுமானாலும் முளைக்கண் இருக்கலாம். டேலியாவின் கிழங்கோ பருத்த வேர். அதன் உடம்பில் கண் கிடையாது. பழைய தண்டின் அடிப்பகுதியும் கிழங்கின் கழுத்தும் சேரும் மேட்டில் மட்டுமே கண் இருக்கும். அந்த மேட்டில் ஒரு துண்டாவது ஒட்டியிராத கிழங்கு எவ்வளவு கொழுத்ததாக இருந்தாலும் முளைக்காது. மண்ணுக்குள் அது வேர்கூட விடலாம், மாதக்கணக்கில் அழுகாமலும் கிடக்கலாம். ஆனால் தண்டு வராது. அதனால் பொதியைப் பிரித்தவுடன் நான் பார்த்தது கிழங்கின் பருமனை அல்ல, கழுத்தையும் மேட்டையும்தான்.

அந்தப் பார்வையில் பொதிக்குக் கிடைத்தது பாதி மதிப்பெண்தான். 'கஃபே ஓ லே' இரண்டும் கை நிறையும் அளவில் இருந்தன. விளம்பரப் படத்துக்கு நிகரான தோற்றம். ஆனால் அவற்றுள் ஒன்றின் கழுத்து, தோல் கிழியாமலேயே உள்ளே முறிந்திருந்தது. கிழங்கை ஒரு கையிலும் தண்டின் அடியை மறு கையிலும் பிடித்து மெல்ல அசைத்தபோது, கீல் போட்ட கதவைப்போல மடங்கியது. 'கார்னல்' கிழங்குகளில் ஒன்றில் இரண்டு கண்கள் தெளிவாக இருந்தன. மற்றொன்றில் மேட்டின் சுவடே இல்லை, கழுத்தின் நடுவில் நேராக வெட்டியிருந்தார்கள். 'பிஷப்' கிழங்கு ஒரு விரல் பருமன்தான் இருந்தது. பையின் அடியில் கிடந்த அதைப் பார்த்ததும் ஏமாற்றமாக இருந்தது உண்மை. ஆயினும் அதன் மேட்டில் குண்டூசித் தலையளவில் இளஞ்சிவப்பான கண் ஒன்று விழித்திருந்தது.

உறங்கும் கண்ணும் வெட்டுக்காயமும் வெறும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றலாம் என்பதால், ஐந்தையும் சற்றே ஈரமான தென்னை நார்க்கழிவில் வைத்து, வெயில் படாத கதகதப்பான மூலையில் மூன்று வாரம் விட்டேன். புதிதாக வாங்கும் எவரும் இதைச் செய்வது நல்லது. நட்டபின் மண்ணைக் கிளறிப் பார்க்கும் பதற்றம் இதனால் குறைகிறது. பத்தாம் நாளிலேயே 'பிஷப்' முளைவிட்டது. அதன்பின் இரண்டு கண் கொண்ட 'கார்னல்', அதன்பின் முறியாத 'கஃபே ஓ லே'. கழுத்து முறிந்தது முறிந்த இடத்திலிருந்தே கறுத்து மேல்நோக்கி அழுகியது. மேடில்லாத 'கார்னல்' மூன்று வாரமும் உறுதியாக, பளபளப்பாக, எந்த அசைவுமின்றி இருந்தது.

இந்த இரண்டையும் படமெடுத்து விற்பனையாளருக்கு அனுப்பினேன். முறிவுக்கு அஞ்சல் வழியில் ஏற்பட்ட சேதமே காரணம் என்று கூறி, அதன் விலையை மட்டும் திருப்பித் தந்தார்கள். கண் இல்லாத கிழங்குக்கு மாற்றாக வேறொரு கிழங்கு பத்து நாளில் வந்து சேர்ந்தது. மறுமொழி பணிவாகவும் விரைவாகவும் இருந்தது. ஆனால் கண் இல்லாத கிழங்கு பொதிக்குள் நுழைந்ததற்குப் பயணம் காரணமாக இருக்க முடியாது. பிரித்து வெட்டுபவர் ஒரு நொடி உற்றுப் பார்த்திருந்தால் அது அங்கேயே நின்றிருக்கும். இத்தகைய பொதிகளில் நான் பொறுக்க மாட்டாத குறை இது ஒன்றுதான். ஏனெனில் புதிதாகத் தோட்டம் போடுபவர் அந்தக் கிழங்கை நட்டு, நீரூற்றி, ஒரு பருவம் முழுக்கக் காத்திருந்து, கடைசியில் தன் கைராசியைத்தான் நொந்துகொள்வார்.

குறிப்புத் தாள் இந்தப் பொதியின் மிகப் பலவீனமான உறுப்பு. அது நான்கு இடங்களில் செடிக்குத் தீங்கான அறிவுரை தருகிறது என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது நீர். 'நட்டவுடன் நன்றாக நீர் ஊற்றி, தினமும் ஈரம் காக்கவும்' என்கிறது தாள். வேர் இல்லாத கிழங்கு நீரை உறிஞ்ச வழியில்லை. தேவையான ஈரத்தையும் உணவையும் அது தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. மண் இயல்பான ஈரத்தோடு இருந்தால், முளை வெளியே தலைகாட்டும் வரை நீரூற்றாமல் இருப்பதே பாதுகாப்பு. டேலியா அழுகுவதில் பெரும்பகுதி இந்த முதல் மூன்று நான்கு வாரங்களில்தான் நடக்கிறது. செடி ஓரடி உயர்ந்து வேர் பிடித்த பிறகு நிலைமை தலைகீழாகிறது: அப்போது வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, மேலாகத் தெளிக்காமல், வேர் ஆழத்துக்கு இறங்கும்படி நீர் கொடுக்க வேண்டும். தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு வெயில் காலத்தில் இது தினசரி வேலையாகிவிடும்.

இரண்டாவது இடைவெளி. எல்லாக் கிழங்குக்கும் பொதுவாக 25 செ.மீ. என்று அச்சிட்டிருக்கிறார்கள். 'கஃபே ஓ லே' ஒரு மீட்டருக்கு மேல் வளர்ந்து, அதே அளவு விரிந்து நிற்கும் செடி. 25 செ.மீ. இடைவெளியில் நட்டால் இலைகளுக்கிடையே காற்று புகாமல், பருவத்தின் பிற்பகுதியில் சாம்பல் நோய் வெண்பொடியாகப் படிவது ஏறத்தாழ உறுதி. நான் 60 செ.மீ. விட்டேன். ஆழம் 10 முதல் 15 செ.மீ. போதும்; கிழங்கைக் கிடைமட்டமாகக் கிடத்தி, கண் மேல்நோக்கி இருக்கும்படி வைத்து மூட வேண்டும். முட்டுக் குச்சியை அப்போதே ஊன்றிவிட வேண்டும் என்பதைத் தாள் சொல்லவே இல்லை. செடி சாய்ந்த பிறகு குச்சி ஊன்றினால் அது கிழங்கையே குத்திக் கிழிக்கக்கூடும்.

மூன்றாவது, கூடவே வந்த உரப் பொட்டலம். அதன் மேல் 20-10-10 என்று இருந்தது. அதாவது தழைச்சத்து (நைட்ரஜன்), மற்ற இரண்டான மணிச்சத்து, சாம்பல்சத்து ஒவ்வொன்றையும்போல இரு மடங்கு. டேலியாவுக்குத் தழைச்சத்து மிகுந்தால் இலை கரும்பச்சையாகச் செழித்து, தண்டு நீர்த்தன்மை மிகுந்து வலுவிழந்து, பூ குறையும். கிழங்கும் சேமிப்பில் நிலைக்காது. பொட்டலத்தை நான் பயன்படுத்தவில்லை. நடும்போது நன்கு மக்கிய தொழு உரமும் ஒரு கை எலும்புத்தூளும் இட்டு, மொட்டு தெரிந்த பிறகு சாம்பல்சத்து மிகுந்த திரவ உரத்தை மூன்று வாரத்துக்கு ஒரு முறை கொடுத்தேன். கார அமில நிலை (pH) 6.5-க்கும் 7-க்கும் இடையில் உள்ள, நீர் தேங்காத மண் இருந்தால் இதற்கு மேல் எதுவும் தேவைப்படுவதில்லை.

நான்காவதைப் பிழை என்பதைவிட அறியாமை என்று சொல்வதே பொருந்தும். டேலியாவை 'ஹாலந்து நாட்டு மலர்' என்றும், அதே தாளின் மறுபக்கத்தில் 'கடும் வெப்பத்தை விரும்பும் வெப்பமண்டலச் செடி' என்றும் எழுதியிருக்கிறார்கள். கிழங்கு வணிகத்தில் ஹாலந்துக்குப் பெரிய பங்கு உண்டு. செடியின் தாயகமோ மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். 1789-இல் மெக்சிகோ நகரின் தாவரத் தோட்டத்திலிருந்து மாட்ரிட்டுக்கு அனுப்பப்பட்ட விதைகளிலிருந்தே ஐரோப்பாவில் இது வளரத் தொடங்கியது. அங்கே கவனியெஸ் என்னும் தாவரவியலாளர், ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் ஆண்டர்ஸ் டால் நினைவாக 1791-இல் இதற்குப் பெயர் சூட்டினார். மெக்சிகோ 1963-இல் இதைத் தன் தேசிய மலராக அறிவித்தது. இந்த வரலாறு தோட்டக்காரருக்கு வெறும் அலங்காரத் தகவல் அல்ல. அந்நாட்டு மலைப்பகுதிகளில் இதன் காட்டினங்கள் மழைக்காலத்தில் வளர்ந்து, குளிர்ந்த இரவுகளை அனுபவித்து, வறண்ட பருவத்தில் மண்ணுக்குள் உறங்குகின்றன. செடி என்ன கேட்கிறது என்பது அதிலேயே அடங்கியிருக்கிறது: ஆறு மணி நேரத்துக்குக் குறையாத வெயில், ஆனால் கொதிக்காத வேர், வளரும்போது ஈரம், உறங்கும்போது வறட்சி. பகல் வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டி நீடித்த இரண்டு வாரங்களில் என் செடிகளின் மொட்டுகள் சிறுத்தன. வேரின் மேல் உலர்ந்த இலைகளை மூடாக்காகப் பரப்பிப் பிற்பகல் நிழல் கொடுத்த பிறகே தேறின. கடும் வெப்பத்தை விரும்பும் என்று நம்பி விட்டிருந்தால் இழந்திருப்பேன்.

தாள் சொல்லாமல் விட்ட மிக முக்கியமான வேலை நுனி கிள்ளுவது. செடி ஏறத்தாழ 30 செ.மீ. உயர்ந்து நான்கு இணை இலைகள் விட்டதும், நடுக்குருத்தைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். நன்றாக எழும்பி வரும் குருத்தைக் கிள்ளக் கை வராது. எனக்கும் முதல் முறை வரவில்லை. ஆனால் கிள்ளாத செடி ஒற்றைத் தண்டாக உயர்ந்து உச்சியில் பூத்துக் காற்றில் ஒடியும். கிள்ளிய செடி ஒவ்வோர் இலைக் கணுவிலிருந்தும் கிளை விட்டுப் புதராக நிற்கும்.

நட்ட பத்தாம் வாரத்தில் 'பிஷப்' முதலில் பூத்தது. பொதியிலேயே மிகச் சிறிய கிழங்கிலிருந்து வந்த செடி இது. அதன் இலை வெண்கலம் கலந்த கருஞ்சிவப்பு; பூவோ கொழுந்துவிட்ட செந்தழல் நிறம், நடுவில் மஞ்சள் மகரந்தம் திறந்து கிடக்கும். ஒரு டேலியாப் பூ என்று நாம் சொல்வது உண்மையில் பல சிறு பூக்கள் கூடிய தலை. சூரியகாந்தியும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அடுக்கிதழ் வகைகளில் நடுப்பூக்களை இதழ்கள் மூடி மறைத்துவிடுவதால் தேனீக்குக் கிடைப்பது அரிது. 'பிஷப்' செடியில் காலை முழுவதும் தேனீக்கள் இருந்தன. இந்த ஒரு செடிக்காகவே பொதியின் விலை தகும் என்பது என் கருத்து.

'கார்னல்' அடுத்து வந்தது. பந்துபோல் உருண்ட, கறுப்பை நெருங்கும் அடர்சிவப்புப் பூ, ஏறத்தாழ 10 செ.மீ. விட்டம். தண்டு உறுதியானது, மழையில் தலை கவிழாது, பூச்சாடியில் மற்ற இரண்டையும்விடக் கூடுதல் நாள் நின்றது. வெட்டுவதற்காக வளர்ப்பவருக்கு நான் முதலில் சொல்வது இந்த வகையைத்தான். டேலியா மொட்டு வெட்டிய பிறகு ரோஜாவைப்போல விரியாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். முக்கால் பங்குக்கு மேல் விரிந்த பூவையே, வெயில் ஏறுமுன் வெட்ட வேண்டும். வாடிய பூக்களை நீக்கும்போது புதியவர்கள் மொட்டையும் சேர்த்துக் கிள்ளிவிடுவது உண்டு. உருண்டையாக, கெட்டியாக இருப்பது வரப்போகும் மொட்டு; கூம்பி நீண்டு, அழுத்தினால் நெகிழ்வது உதிர்ந்த பூவின் எச்சம்.

'கஃபே ஓ லே' பற்றி நியாயமாக எழுதுவது கடினம். பூ விரிந்த அன்று அதன் முன்னே நின்றுகொண்டே இருந்தேன். 20 செ.மீ.க்கு மேல் அகலம், பாலேட்டில் ஒரு துளி இளஞ்சிவப்பைக் கரைத்த நிறம். அதே செடியில் அடுத்த பூ சற்று மஞ்சள் சாய்ந்தது, அதற்கடுத்தது வெளிர் ரோஜா நிறம். இந்த வகை அப்படித்தான் மாறும். அதை விற்பனையாளரின் குறையாகக் கொள்ளக் கூடாது. ஆனால் நான்கு மாதத்தில் அது கொடுத்தது ஒன்பது பூக்கள் மட்டுமே. அவற்றில் மூன்று மழையில் இதழ் பழுத்துப் போயின. பெரிய பூவை விரும்பிப் பக்க மொட்டுகளை நீக்கியதும் எண்ணிக்கை குறைந்ததற்கு ஒரு காரணம். இடம் குறைவாக உள்ளவர்கள் படத்தைப் பார்த்து மயங்கி, இருக்கும் ஒரே தொட்டியை இதற்குக் கொடுத்துவிட வேண்டாம்.

இனி மாற்றாக வந்த கிழங்கு. அதன் சீட்டில் 'கார்னல்' என்று இருந்தது. பூத்ததோ ஊசிபோல் இதழ் சுருண்ட மஞ்சள். கிழங்கிலிருந்து வளரும் டேலியா தாய்ச்செடியின் அச்சு அசலான நகல். விதையிலிருந்து வளர்த்தால் மட்டுமே நிறமும் வடிவமும் எப்படியும் மாறலாம், ஏனெனில் தோட்ட டேலியாவின் ஒவ்வோர் உயிரணுவிலும் எட்டுத் தொகுதி நிறப்புரிகள் (மரபுப் பண்புகளைத் தாங்கும் குரோமோசோம்கள்) இருக்கின்றன. அடர்சிவப்புப் பந்து மஞ்சள் ஊசியாக மாறியதற்கு இயற்கையைக் காரணம் காட்ட இடமில்லை. தோண்டும்போதோ வெட்டும்போதோ சீட்டு இடம் மாறியிருக்கிறது. மஞ்சள் பூ அழகாகவே இருந்தது. ஆனாலும் ஒரு நிறத்தை மனத்தில் வைத்துப் பாத்தி அமைத்தவருக்கு அழகு மட்டும் ஈடாகாது.

பூச்சிகளைப் பற்றிப் பொதியின்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. முளை வெளிவந்த வாரத்தில் நத்தைகள் வந்தன. இரவில் கைவிளக்கோடு போய்ப் பொறுக்கினேன். வறண்ட நாட்களில் இலையின் அடியில் செஞ்சிலந்தி தெரிந்தது. நீரைப் பீய்ச்சிக் கழுவியதில் அடங்கியது.

விற்பனையாளரை மனமாரப் பாராட்ட வேண்டிய இடம் தேமல் நோய். டேலியாவைத் தாக்கும் தேமல் நச்சுயிரிக்கு மருந்து கிடையாது. நரம்பையொட்டி மஞ்சள் பட்டையாக வெளிறி, இலை முறுக்கி, செடி குறுகும்; அந்தச் செடியின் கிழங்குகளிலும் நோய் இருக்கும்; அசுவினி அதை அடுத்த செடிக்குக் கொண்டுபோகும். அப்படிப்பட்ட ஒரு கிழங்கு பொதியில் வந்தால், ஏற்கெனவே தோட்டத்தில் இருக்கும் நல்ல செடிகளும் சேர்ந்து கெடும். ஆகவே புதிய கிழங்குகளைப் பழைய பாத்தியிலிருந்து விலக்கித் தொட்டிகளில் வளர்த்து, ஒவ்வொரு செடியை வெட்டிய பிறகும் கத்தரியைச் சாராயக் கரைசலில் துடைத்து, பருவம் முழுதும் இலைகளைப் பார்த்துவந்தேன். நான்கு செடிகளிலும் எந்த அறிகுறியும் தோன்றவில்லை. அறிகுறி காட்டாமலும் நச்சுயிரி உள்ளே இருக்கக்கூடும் என்பதால், இன்னும் ஒரு பருவம் அவை தனித்தே இருக்கும். வேரடியில் பூக்கோசுபோலத் திரளும் கழலையும் எதிலும் இல்லை.

பருவம் முடிந்து இலைகள் மஞ்சளானதும் தண்டுகளை ஒரு சாண் விட்டு வெட்டினேன். டேலியாவின் தண்டு உள்ளீடற்றது. வெட்டிய குழலில் மழைநீர் இறங்கினால் மேடு அழுகும், அதனால் ஈயத்தாளால் வாயை மூடி வைத்தேன். உறைபனி இல்லாத, நீர் வடியும் மண்ணில் கிழங்கை அப்படியே விட்டுவைக்கலாம். என் தொட்டிகளை அப்படி நம்ப முடியாததால் பத்து நாள் கழித்துத் தோட்டத்து முள்கரண்டியால் தள்ளி நின்று கிளறி எடுத்தேன். தண்டைப் பிடித்து இழுத்தால், பொதியில் வந்த அந்த 'கஃபே ஓ லே' போலவே கழுத்துகள் முறியும்.

விரல் பருமனாக வந்த 'பிஷப்' ஆறு கிழங்குகள் விட்டிருந்தது, ஐந்தில் கண் தெரிகிறது. 'கார்னல்' நான்கு. 'கஃபே ஓ லே' இரண்டே இரண்டு பெருங்கிழங்குகள், அவற்றிலும் ஒன்றில்தான் மேடு ஒட்டியிருக்கிறது. இந்த விற்பனையாளரிடம் மீண்டும் வாங்குவேனா என்றால், நோயற்ற சரக்குக்காகவும் நேர்மையான மறுமொழிக்காகவும் வாங்குவேன். ஆனால் கலவைப் பொதியாக வாங்க மாட்டேன். வேண்டிய வகையைத் தனியாகக் கேட்டு, 'கண் தெரியும் கிழங்கு' என்று எழுத்தில் உறுதி பெற்று வாங்குவேன். குறிப்புத் தாளைத் திருத்தி அச்சிடும்படி நீண்ட கடிதம் ஒன்றும் அனுப்பியிருக்கிறேன்.

எல்லாக் கிழங்குகளும் இப்போது வெர்மிகுலைட் என்னும் இலேசான கனிமத் துகளில் உலர்வாக, 4 முதல் 10 டிகிரி வரை குளிர்ச்சி இருக்கும் இருட்டறையில் இருக்கின்றன. மாதம் ஒரு முறை எடுத்து, நெகிழ்ந்ததை வெட்டி நீக்குகிறேன். மஞ்சள் பூச்செடியின் கிழங்குகளிலிருந்து 'கார்னல்' என்ற சீட்டை அவிழ்த்துவிட்டு, 'பெயர் தெரியாத மஞ்சள், ஊசி இதழ்' என்று அழியாத மையில் எழுதிக் கட்டியிருக்கிறேன்.